ஊராட்சிக் குழாய் முதல் மத்தியத் தளம் வரை: குடிநீர்த் தர விவரங்கள் பொருந்தாதபோது எங்கே தேடுவது

தமிழ்நாட்டின் ஒரு கிராமத்துக் குழாயில் பிடித்த தண்ணீரைப் பற்றிய எண், டெல்லியில் தொகுக்கப்படும் அறிக்கையில் இடம்பெறுவதற்குள் பல அலுவலகங்களைக் கடந்து வருகிறது. ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டரோ, ஊருக்கு ஐந்து பேர் என்ற கணக்கில் களச் சோதனைப் பயிற்சி பெற்ற பெண்களில் ஒருவரோ, ஆய்வகப் பணியாளரோ மாதிரியை எடுக்கிறார். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் அதைப் பரிசோதிக்கிறது. ஜல் ஜீவன் மிஷனுக்காக 2021இல் தொடங்கப்பட்ட நீர்த்தர மேலாண்மைத் தகவல் தளத்தில் முடிவு ஏறுகிறது. ஜல் சக்தி அமைச்சகத்தின் கீழுள்ள குடிநீர் மற்றும் துப்புரவுத் துறை அதைக் கொண்டு மாநிலங்களின் நிலையைப் பார்க்கிறது. இதற்கு இணையாகப் பொது சுகாதாரத் துறை குளோரின் அளவையும் கிருமிகளையும் தனியே சோதிக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில நீர்வளத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவும் தத்தம் கண்காணிப்புக் கிணறுகளின் தரத்தைத் தனியே பதிகின்றன.

இவற்றில் ஏதேனும் இரண்டு அலுவலகங்களின் எண்கள் ஒத்துப்போகாதபோது முதலில் மென்பொருளின் மீதும், அடுத்து ஆய்வகத்தின் மீதும் சந்தேகம் எழுவது வழக்கம். பெரும்பாலும் இரண்டுமே காரணமாக இருப்பதில்லை. ஓர் எண் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது, அது எந்த நீராதாரத்தின் எண், எந்த நாளின் எண், எந்த அலகில் சொல்லப்பட்ட எண் என்ற மூன்றில் ஏதோ ஒன்று உதிர்ந்துவிடுகிறது. ஆகவே கீழுள்ள எந்த அறிகுறியைப் பார்த்தாலும் மாதிரிப் பதிவேடு, ஆய்வகம் கையொப்பமிட்ட முடிவுத்தாள், பதிவேற்றிய கோப்பு, தளத்திலிருந்து இறக்கிய பட்டியல் ஆகிய நான்கையும் மேசையில் வைத்துக்கொண்ட பிறகே தேடலைத் தொடங்க வேண்டும். பதிவேட்டைப் பார்க்காமல் தளத்தில் உள்ள மதிப்பை மாற்றக் கூடாது. தளம் சிவப்பு நிறத்தில் எச்சரிக்கிறது என்பதற்காக மாற்றவே கூடாது.

அறிகுறி: ஊர்ப்பெயர் வர வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன

இது எளிதாகத் தீரும் சிக்கல். பட்டியலைத் தட்டச்சு செய்தவர் வானவில் போன்ற பழைய எழுத்துருவைப் பயன்படுத்தியிருக்கிறார். அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் அது தமிழாகத் தெரியும். தளத்துக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் கோவைதான். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்ட போதிலும், பழைய கோப்புகளிலிருந்து நகலெடுத்த ஊர்ப் பட்டியல்கள் இன்னும் புழங்குகின்றன. எழுத்துரு மாற்றியைக் கொண்டு மாற்றிய பிறகு, கொம்பும் காலும் இடம் மாறும் ‘கொ’, ‘தௌ’ போன்ற எழுத்துகள் வரும் பெயர்களை மட்டும் ஒருமுறை கண்ணால் சரிபார்த்தால் போதும். இந்தச் சிக்கலை எழுத்துரு மாற்றத்தோடு முடித்துக்கொள்ளலாம். அடுத்து வருவது அப்படியல்ல.

அறிகுறி: பரிசோதித்த ஊர் தளத்தில் இல்லை, அல்லது முடிவு வேறோர் ஊரின் பெயரில் ஏறியிருக்கிறது

வருவாய்க் கிராமம், கிராம ஊராட்சி, குக்கிராமம் என்ற மூன்றும் தமிழ்நாட்டில் வெவ்வேறு எல்லைகளைக் கொண்டவை. ஒரு வருவாய்க் கிராமம் இரண்டு ஊராட்சிகளில் கிடக்கலாம். ஓர் ஊராட்சிக்குள் பத்துப் பன்னிரண்டு குக்கிராமங்கள் இருக்கலாம். ஆய்வகம் குக்கிராமத்தின் பெயரை எழுதுகிறது, ஊரக வளர்ச்சித் துறை ஊராட்சியின் பெயரைக் கேட்கிறது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பட்டியல் வருவாய்க் கிராமத்தை அடிப்படையாகக் கொண்டது. மூன்று மட்டங்களிலும் ஒரே பெயர் வரும் ஊர்களில்தான் குழப்பம் மிகுதி. பெயர் பொருந்திவிட்டதால் எல்லாம் பொருந்திவிட்டது என்று தட்டச்சு செய்பவர் நம்பிவிடுகிறார்.

பெயரை வைத்துப் பொருத்துவதை முற்றிலும் கைவிட்டு, உள்ளாட்சி அமைப்புகளுக்கான மத்திய அரசின் குறியீட்டு எண்ணை வைத்தே பொருத்த வேண்டும். புதூர், புதுப்பட்டி, காலனி என்ற பெயர்கள் ஏறத்தாழ எல்லா வட்டாரங்களிலும் உண்டு. ஆங்கிலத்தில் அவற்றை எழுதும்போது ‘டி’யா, ‘டிஎச்’சா என்பதில் ஒரே அலுவலகத்துக்குள்ளேயே இரு வழக்கங்கள் இருக்கும். எண்ணை வைத்துப் பொருத்தும்போதும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக்கு உள்ளாட்சிக் குறியீட்டிலும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் குறியீட்டிலும் 33 என்ற ஒரே எண்தான். மாநில எண் பொருந்துவதைப் பார்த்துவிட்டு மாவட்ட எண்ணும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வோர் உண்டு; அது பொருந்தாது.

அடுத்தது மாவட்டப் பிரிப்பு. 2011 கணக்கெடுப்பின்போது 32 மாவட்டங்கள்தான் இருந்தன. 2019இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசியும், விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும், வேலூரிலிருந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய இரண்டும் பிரிந்தன. 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்து, எண்ணிக்கை 38 ஆனது. சிக்கல் உள்ள ஊர் இந்தப் பதினோரு மாவட்டங்களில் ஒன்றில் இருந்தால், பழைய மாவட்டத்தின் பெயரிலும் தேடிப் பார்க்க வேண்டும். ஆய்வகம் எந்த மாவட்டத்தில் அமைந்திருக்கிறதோ அந்த மாவட்டத்தின் பெயரைப் படிவம் தானாக நிரப்பிக்கொள்வதும் உண்டு. முழுத் தொகுதியும் ஒரே மாவட்டத்தில் போய் விழுந்திருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

திருத்தும்போது ஒரே ஒரு ஊரை மட்டும் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. ஆய்வகத்தின் ஊர்ப் பெயர், ஊராட்சி, குறியீட்டு எண் மூன்றையும் இணைக்கும் பொருத்தப் பட்டியல் ஒன்றை மாவட்ட அளவில் வைத்து, அதில் அந்த வரியைச் சேர்க்க வேண்டும். பட்டியலை மாற்றும் உரிமை ஒரே ஒருவரிடம் இருப்பது நல்லது.

அறிகுறி: ஊரில் உள்ளதைவிட அதிகமான ஆழ்துளைக் கிணறுகள் தளத்தில் இருக்கின்றன

மாதிரிப் பாட்டிலின் ஒட்டுச்சீட்டில் ‘மா.கோ. அருகில், போர் 2’ என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதியவருக்கு அது மாரியம்மன் கோயில். அவர் எண்ணும் வரிசையில் இரண்டாவது ஆழ்துளைக் கிணறு. அடுத்த முறை வேறொருவர் அதே கிணற்றில் தண்ணீர் எடுத்துப் ‘பள்ளிக்கூட போர்’ என்று எழுதுகிறார். கோயிலும் பள்ளியும் எதிரெதிரே இருக்கின்றன. மூன்றாவது முறை, அந்தக் கிணற்றிலிருந்து நீர் ஏறும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் அடியில் உள்ள குழாயில் மாதிரி எடுக்கப்படுகிறது. தளத்தில் மூன்று நீராதாரங்கள் உருவாகிவிடுகின்றன. மூன்றில் இரண்டு, அடுத்த ஆண்டு பரிசோதிக்கப்படாத ஆதாரங்களாகப் பட்டியலில் நின்று கணக்கைக் கெடுக்கின்றன.

உறுதிசெய்ய எளிய வழி, ஐயத்துக்குரிய பதிவுகளின் மொத்தக் கரைதிண்மம் (நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு), குளோரைடு, மொத்தக் கடினத்தன்மை ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான். ஒரே பருவத்தில் எடுத்த ஒரே கிணற்றின் நீரில் இந்த மூன்றும் பெரிதாக மாறுவதில்லை. மூன்றும் நெருங்கி வந்தால் களத்துக்குப் போய் அமைவிட ஆயத்தொலைவைக் கைபேசியில் எடுத்து ஒப்பிட வேண்டும். வேதியியல் ஒத்துப்போவது சந்தேகத்துக்கு வலுச் சேர்க்கும், அவ்வளவுதான்; பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளும் ஒரே நீரைத் தரலாம் என்பதால், களத்தைப் பார்க்காமல் இரண்டை ஒன்றாக்கக் கூடாது.

கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் இதே சிக்கல் தலைகீழாக வரும். ஒகேனக்கல் திட்டத்தின் நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் எத்தனையோ குக்கிராமங்களுக்குப் போகிறது. ஆதாரமோ காவிரி ஒன்றுதான். அந்த ஊர்களில் பழைய ஆழ்துளைக் கிணறுகளும் பயன்பாட்டில் இருந்தால், இரண்டு நீரும் ஒரே தொட்டியில் கலக்கக்கூடும். அப்போது குழாயில் எடுத்த மாதிரியின் ஃபுளோரைடு அளவை ‘ஒகேனக்கல் நீர்’ என்று பதிவதும் தவறு, ‘உள்ளூர்க் கிணறு’ என்று பதிவதும் தவறு. அதை வழங்கல் முனையின் மாதிரியாகப் பதிந்து, ஆதாரங்கள் இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஆதாரத்தின் மாதிரி, தொட்டியின் மாதிரி, வீட்டுக் குழாயின் மாதிரி ஆகிய மூன்றையும் பிரிக்காத எந்தப் பட்டியலும் மேற்கொண்டு ஆராயத் தகுந்ததல்ல.

அறிகுறி: ஒரு மாவட்டத்தின் நைட்ரேட் அளவுகள் ஓராண்டில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன

நல்ல செய்தி போலத் தெரிவதால் யாரும் கேள்வி கேட்காத பிழை இது. நைட்ரேட்டை நைட்ரேட் அயனியாகவும் சொல்லலாம், அதிலுள்ள நைட்ரஜனாகவும் சொல்லலாம். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500, லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்று நைட்ரேட்டாகச் சொல்கிறது. அமெரிக்க வரம்பு 10 மில்லிகிராம் என்று நைட்ரஜனாகச் சொல்லப்படுகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான், ஏனெனில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற 4.43ஆல் பெருக்க வேண்டும். புதிதாக வாங்கிய நிறமாலைக் கருவி நைட்ரஜனாகக் காட்டும்படி அமைக்கப்பட்டிருந்து, முடிவு அப்படியே நைட்ரேட் என்ற நிரலில் எழுதப்பட்டால், 12 என்று தெரியும் நீரில் உண்மையில் 53 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கிறது. தளம் அதைப் பாதுகாப்பான நீர் என்று பச்சையில் காட்டும். கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை நைட்ரேட் குறைக்கும் என்பதால்தான் இந்த வரம்புக்குத் தளர்வே தரப்படவில்லை. ஆகவே எழுத்தர் பிழை என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

மழை மிகுந்த ஆண்டில் நைட்ரேட் உண்மையிலேயே குறையலாமே என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை மற்ற நிரல்களில் இருக்கிறது. மழைநீர் கலந்து நீர்த்துப்போன கிணற்றில் குளோரைடும் கடினத்தன்மையும் கரைதிண்மமும் சேர்ந்தே இறங்கும். அவையெல்லாம் சென்ற ஆண்டைப் போலவே இருக்க, நைட்ரேட் மட்டும் எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால், காரணம் அலகுதான். நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் சமமாக வருகிறதா என்று பார்க்கும் அயனிச் சமநிலைக் கணக்கு இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உவர்ப்பான நீரில் நைட்ரேட்டின் பங்கு சிறியது என்பதால் அந்த வேறுபாடு கண்ணில் படாமல் போய்விடும்.

அயனிச் சமநிலை கைகொடுக்கும் இடம் கால்சியம். கால்சியத்தைக் கால்சியமாகச் சொல்வதற்கும் கால்சியம் கார்பனேட்டாகச் சொல்வதற்கும் இரண்டரை மடங்கு வேறுபாடு உண்டு. கார்பனேட்டாக 200 என்று வந்ததைக் கால்சியமாக 200 என்று பதிந்துவிட்டால், நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகை திடீரென ஓங்கிவிடும். அதேபோல் மின்கடத்துத்திறனைக் கரைதிண்மத்தின் நிரலில் எழுதிவிடும் பிழைக்கும் எளிய சோதனை இருக்கிறது: பொதுவாகக் கரைதிண்மம் மின்கடத்துத்திறனில் 0.55 முதல் 0.7 வரையிலான பங்காக இருக்கும். இரண்டு நிரல்களிலும் ஒரே எண் இருந்தால், யாரோ ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதியிருக்கிறார்கள். எல்லா ஊர்களுக்கும் விகிதம் அச்சு அசலாக 0.65 என்றிருந்தால், கரைதிண்மம் அளக்கப்படவே இல்லை, கணக்கிட்டு எழுதப்பட்டிருக்கிறது. அது குற்றமன்று, ஆனால் அப்படித்தான் என்று குறிப்பிட வேண்டும்.

அலகுப் பிழையைத் தளத்தில் ஒவ்வொன்றாகப் பெருக்கித் திருத்தலாகாது. ஆய்வகம் திருத்திய முடிவுத்தாளை வெளியிட்டு, அதன் அடிப்படையில் முழுத் தொகுதியும் மீண்டும் ஏற வேண்டும்.

அறிகுறி: ஒரே தரவுதான், ஆனால் இரண்டு அறிக்கைகளில் பாதிக்கப்பட்ட ஊர்களின் எண்ணிக்கை வேறு

ஐஎஸ் 10500இல் பல பொருள்களுக்கு இரண்டு வரம்புகள் உண்டு: ஏற்கத்தக்க அளவு ஒன்று, வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் அளவு மற்றொன்று. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் ஃபுளோரைடுக்கு 1.0, 1.5; கரைதிண்மத்துக்கு 500, 2,000; மொத்தக் கடினத்தன்மைக்கு 200, 600. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் போன்ற மாவட்டங்களில் 1.0க்கும் 1.5க்கும் இடையில் விழும் ஆதாரங்கள் பட்டியலில் இருக்கும்போது, எந்தக் கோட்டிலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை பெரிதும் மாறிவிடும். அறிக்கையின் தலைப்பிலேயே கோட்டை எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

இரும்பு சற்று வேறு மாதிரி. 2012 பதிப்பில் 0.3 என்றிருந்த வரம்பு, 2015இல் வந்த திருத்தத்தில் 1.0 ஆனது. பழைய அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் அலுவலகம் இன்னும் 0.3ஐ வைத்தே எண்ணிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: தூய்மையான மாதிரிகள் கிருமி கலந்தவையாகக் காட்டப்படுகின்றன, அல்லது கன உலோக நிரல் முழுக்கப் பூஜ்யமாக இருக்கிறது

நீரைப் பல சோதனைக் குழாய்களில் இட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பல குழாய் நொதித்தல் முறையில் எந்தக் குழாயிலும் வளர்ச்சி இல்லாதபோது ஆய்வகம் பூஜ்யம் என்று எழுதுவதில்லை. பயன்படுத்தும் அட்டவணையைப் பொறுத்து ‘2க்குக் குறைவு’, ‘1.8க்குக் குறைவு’, ‘1.1க்குக் குறைவு’ என்று எழுதுகிறது. அந்தக் குறைவுக் குறியை எண் நிரல் ஏற்காததால், தட்டச்சு செய்பவர் குறியை நீக்கிவிட்டு 2 என்று மட்டும் இடுகிறார். நூறு மில்லிலிட்டரில் ஈ கோலி கண்டறியப்படவே கூடாது என்பது விதி. ஆகவே ஊர் முழுவதும் ஒரே நாளில் கெட்ட பட்டியலுக்குப் போய்விடுகிறது. நிரலை வரிசைப்படுத்திப் பார்த்து, சிறிய மதிப்பு எதுவோ அதுவே பெரும்பாலான வரிகளில் திரும்பத் திரும்ப வந்தால், அது அளவு அல்ல, குறி இழந்த எல்லை. எண்ணுக்கு ஒரு நிரல், குறிக்கு ஒரு நிரல் என்று பதிவேற்றக் கோப்பையே பிரித்துவிடுவது நிரந்தரத் தீர்வு. தளத்தின் படிவம் அதற்கு இடம் தராவிட்டால், ‘இல்லை’ என்ற தெரிவைத் தேர்ந்தெடுத்து, எல்லை மதிப்பைக் குறிப்புப் பகுதியில் எழுத வேண்டும்.

எதிர்த்திசையில் நடக்கும் பிழை இதைவிட ஆபத்தானது. ஆர்செனிக், ஈயம் ஆகிய இரண்டுக்கும் ஏற்கத்தக்க அளவு 0.01 மில்லிகிராம். ஒரு கருவியால் 0.05க்குக் கீழ் பார்க்க முடியாது என்றால், ‘கண்டறியப்படவில்லை’ என்ற முடிவு அந்த நீர் வரம்புக்குள் இருக்கிறது என்று சொல்லவில்லை, எதையும் சொல்லவில்லை. தளத்தில் அது பூஜ்யமாகி, பூஜ்யம் பச்சையாகிவிடுகிறது. பூஜ்யங்கள் நிறைந்த நிரலைக் கண்டால் ஆய்வகத்திடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் கண்டறியும் எல்லை என்ன? அது தரநிலையைவிட உயர்ந்ததாக இருந்தால், அந்த வரிகளைப் பரிசோதிக்கப்படாதவை என்று வகைப்படுத்த வேண்டும். மாதிரிகளின் எண்ணிக்கை குறைவதால் மேலிடத்தில் இதற்கு வரவேற்பு இருக்காது; ஆனாலும் வேறு வழியில்லை.

அறிகுறி: மாதிரி எடுப்பதற்கு முன்பே முடிவு வந்துவிட்டது, சில தேதிகள் இன்னும் வராத மாதத்தில் இருக்கின்றன

எக்செல் தேதியின் நாளையும் மாதத்தையும் மாற்றிப் படித்திருக்கிறது. ஆகஸ்ட் 7 என்பது ஜூலை 8 ஆகும். 12ஆம் தேதிக்கு மேற்பட்டவை தேதியாகவே மாறாமல் எழுத்தாக நின்றுவிடும். நிரலில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் காரணம். இடப்பக்கம் நிற்பவை மட்டும் சரியானவை; மற்ற அனைத்தையும் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். மாதத்தை எண்ணாக இல்லாமல் எழுத்தில் இடச் சொன்னால் இது மீண்டும் வராது.

நுண்ணுயிரிப் பரிசோதனைக்கு நாள் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். பனிக்கட்டிப் பெட்டியில் வந்திருந்தாலும் 24 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிய சோதனையின் முடிவை ஏற்க இயலாது. ஆனால் நேரத்தைப் பதியாத கோப்பில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

நிதியாண்டு முடிவில் இன்னொரு குழப்பம் வரும். மார்ச் இறுதியில் எடுத்த மாதிரியின் முடிவு ஏப்ரலில் வந்தால், எடுத்த நாளை வைத்து எண்ணும் அலுவலகமும் முடிவு வந்த நாளை வைத்து எண்ணும் அலுவலகமும் வெவ்வேறு ஆண்டுகளில் அதைச் சேர்க்கும். வேதிப் பரிசோதனை ஆண்டுக்கு ஒரு முறை, நுண்ணுயிரிப் பரிசோதனை பருவமழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு முறை என்ற விதியிலும் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நாட்டின் பெரும்பகுதிக்கு அக்டோபர் என்றால் மழைக்குப் பின். நமக்கோ வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் தொடங்குகிறது. எந்தப் பருவமழையைச் சொல்கிறோம் என்பதை மாவட்டம் முழுவதற்கும் ஒரே மாதிரி முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: களச் சோதனைப் பெட்டி கெட்டது என்கிறது, ஆய்வகம் நல்லது என்கிறது

இது எப்போதும் பிழையாக இருக்க வேண்டியதில்லை. களப் பெட்டியின் ஃபுளோரைடு சோதனை, நிற அட்டையோடு ஒப்பிட்டுப் படிப்பது. அதன் படிகள் அகலமானவை. 1.5 என்று படித்த நீர் ஆய்வகத்தில் 1.2 ஆக வருவது இயல்பு. களச் சோதனை சல்லடைக்குத்தான். தரநிலையை மீறியதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது ஆய்வகம். ஆகவே இரண்டு முடிவுகளையும் ஒரே நிரலில் கலந்து சராசரி எடுப்பது, அல்லது பிந்தியது முந்தியதை அழிக்கும்படி விடுவது, இரண்டுமே தவறு. களத்தில் மீறல் என்று வந்த ஒவ்வொரு மாதிரிக்கும் ஆய்வக மாதிரியின் அடையாள எண் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணைப்பில்லாதவற்றின் பட்டியலே உண்மையான வேலைப் பட்டியல்.

நுண்ணுயிரியில் வேறுபாடு வந்தால் இன்னும் நிதானம் வேண்டும். கிருமி இருந்தால் கறுக்கும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பி கறுத்த ஊரில் மறுநாளே தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பார்கள். அதன் பிறகு எடுத்த ஆய்வக மாதிரி தூய்மையாகத்தான் இருக்கும். இரண்டு முடிவுகளும் சரி, இடையில் நீர் மாறியிருக்கிறது. எஞ்சிய குளோரினைப் பொறுத்தவரை ஆய்வக எண்ணை நம்பவே கூடாது. பாட்டிலில் பயணம் செய்யும் நேரத்தில் குளோரின் குறைந்துவிடும். கிருமிச் சோதனைக்கான பாட்டிலிலோ குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட்டே இடப்பட்டிருக்கும். குழாயடியில் குளோரின் அளக்கும் குளோரோஸ்கோப்பில் பார்த்த 0.2தான் பதிவுக்குரியது. ஆய்வகத் தாளில் குளோரின் பூஜ்யம் என்றிருப்பதைத் தளத்தில் ஏற்றி, ஊராட்சிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடிதத்துக்கு ஊராட்சிச் செயலர் என்ன பதில் எழுத முடியும்?

அறிகுறி: பணிகள் முடிந்தும் பாதிக்கப்பட்ட ஆதாரங்களின் எண்ணிக்கை குறையவில்லை

மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். முதலாவது, மறுபரிசோதனை மாதிரி பழைய மாதிரியோடு இணைக்கப்படாமல் புதிய மாதிரியாகப் பதிவாகியிருக்கும். தளத்துக்குப் பழைய மீறல் திறந்தே கிடக்கிறது. நல்ல முடிவு வேறெங்கோ நிற்கிறது. இரண்டாவது, கெட்ட கிணறு கைவிடப்பட்டு ஊருக்குக் கூட்டுக் குடிநீர் வந்திருக்கும், ஆனால் கிணற்றின் நிலை இன்னும் ‘பயன்பாட்டில்’ என்றே இருக்கும். இதைக் கைவிடப்பட்டது என்று மாற்றுவதற்கு முன் மோட்டார் கழற்றப்பட்டதா, கைப்பம்பில் சிவப்பு வண்ணம் பூசப்பட்டதா என்று ஊராட்சியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். கோடையில் அதே கிணற்றை மீண்டும் ஓட்டுவது நடக்கும். மூன்றாவது, நடவடிக்கை என்ற கட்டத்தில் ‘குளோரின் கலக்கப்பட்டது’ என்று ஃபுளோரைடு மீறலுக்கும் எழுதி மூடியிருப்பார்கள். குளோரினால் ஃபுளோரைடு குறையாது. மீறலின் வகைக்கும் நடவடிக்கையின் வகைக்கும் பொருத்தம் பார்க்கும் ஒரு வடிகட்டியை எக்செலில் போட்டால், இப்படிப்பட்டவை சில நிமிடங்களில் வெளிவந்துவிடும்.

அறிகுறி: பொது சுகாதாரத் துறையின் எண்களும் வாரியத்தின் எண்களும் ஒத்துப்போவதில்லை

ஒத்துப்போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பே தவறு. வாரியம் பெரும்பாலும் ஆதாரங்களை அட்டவணைப்படி சோதிக்கிறது. சுகாதார ஆய்வாளர் தெருக்குழாயிலும், விடுதியிலும், வயிற்றுப்போக்கு வந்த தெருவிலும் தேடிப் போய் எடுக்கிறார். சந்தேகத்தின் பேரில் எடுத்த மாதிரிகளில் கெட்டவற்றின் விழுக்காடு உயர்ந்திருப்பது இயல்பு. இந்த இரண்டு விழுக்காடுகளையும் அருகருகே வைத்து எந்தத் துறை சரி என்று கூட்டத்தில் விவாதிப்பது வீண். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் எண்களுக்கும் இதே விளக்கம் பொருந்தும். அதன் கண்காணிப்புக் கிணறுகள் நிலத்தடி நீரின் போக்கை அறிவதற்காக அமைந்தவை, ஊருக்குக் குடிநீர் தரும் கிணறுகளாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

துறைகளுக்கிடையே விழுக்காடுகளைப் பரிமாறுவதை நிறுத்திவிட்டு வரிகளைப் பரிமாற வேண்டும்: மாதிரி முனை, நாள், நேரம், எடுத்த காரணம், முடிவு. காரணம் என்ற ஒரு நிரலைச் சேர்த்தாலே பாதிச் சச்சரவு அடங்கிவிடும். வயிற்றுப்போக்கு பரவும்போது சுகாதாரத் துறை நோய்க் கண்காணிப்புத் தளத்தில் நோயாளியின் ஊரைப் பதிகிறது. குடிநீர்த் தளத்தில் நீராதாரம் பதிவாகிறது. இரண்டையும் இணைப்பது எந்தத் தொட்டி எந்தத் தெருக்களுக்கு நீர் தருகிறது என்ற பட்டியல் ஒன்றுதான். அது பெரும்பாலும் டேங்க் ஆபரேட்டரின் நினைவில் மட்டுமே இருக்கும். நோய் வராத மாதத்தில் அவரிடம் உட்கார்ந்து எழுதி வாங்கிவிட வேண்டும்.

அறிகுறி: பிழையான முடிவு ஏற்கெனவே மேலே போய், அறிக்கையிலும் வந்துவிட்டது

அழித்துவிட்டுப் புதிதாக இடலாம் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாதிரி அடையாள எண், பதிவேட்டின் பக்க எண், பிழைக்கான காரணம், ஒப்புதல் தந்தவர் ஆகிய விவரங்களோடு ஆய்வகத்தின் திருத்திய முடிவுத்தாளை இணைத்து மாநில அலுவலகத்துக்கு எழுத வேண்டும். தொகுதி முழுவதும் பாதிக்கப்பட்டிருந்தால், சரியாக இருந்த வரிகளையும் சரிபார்த்ததாகக் குறிப்பிட வேண்டும். அதே கடிதத்தின் நகல் பொது சுகாதாரத் துறைக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் போக வேண்டும், ஏனெனில் அவர்கள் பழைய எண்ணைத் தங்கள் கோப்பில் நகலெடுத்து வைத்திருப்பார்கள். அந்த எண்ணை நம்பி ஊரில் ஒரு குழாயை அடைத்திருந்தாலோ, அடைக்க வேண்டிய குழாயைத் திறந்தே விட்டிருந்தாலோ, தளத்தில் திருத்தம் ஏறும் நாளுக்குக் காத்திராமல் ஊராட்சிச் செயலரை அன்றே தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட வேண்டும்.